‘எப்படி வந்துச்சு?’: எய்ட்ஸும் ஒதுக்கலும், ‘மை பிரதர் நிகில்’ வழியாக ஓர் அறிமுகம்

ஒரு நீச்சல் குளம். மாநில சாம்பியன் ஒருவன் வழக்கம்போலத் தண்ணீரில் குதிக்கிறான். தலையைத் தூக்கிப் பார்த்தால், இவ்வளவு நேரம் நீந்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறுகிறார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். அத்தனை பெரிய குளத்தில் அவன் மட்டும் நிற்கிறான்.

2005 மார்ச்சில் வெளிவந்த ‘மை பிரதர் நிகில்’ என்ற இந்திப் படத்தில் வரும் காட்சி இது. ஓனிர் இயக்கிய முதல் படம். நிகிலாக சஞ்சய் சூரி, அவனுடைய சகோதரி அனாமிகாவாக ஜூஹி சாவ்லா, காதலன் நைஜலாக புரப் கோலி, அப்பா அம்மாவாக விக்டர் பானர்ஜியும் லில்லட் துபேயும் நடித்தார்கள். கதை நடப்பது கோவாவில், 1987-க்கும் 1994-க்கும் இடையில். பாட்டு, சண்டை என்று பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. ஆனால் எய்ட்ஸ் பற்றிப் பேச ஆரம்பிக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். நோயை விளக்கப் புத்தகங்கள் நிறைய உண்டு. அந்த நோய் வந்தவரை நாம் என்ன செய்தோம் என்பதை விளக்க இந்தப் படம் மாதிரி வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

படத்துக்குள் போவதற்கு முன் இரண்டு சொற்களைப் பிரித்துவைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது அந்தக் கிருமி உடம்பில் பல ஆண்டுகள் வேலை செய்த பிறகு வரும் நிலை. நம் ரத்தத்தில் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து நோய்க்கிருமி நுழைந்தால், மற்ற அணுக்களுக்குக் குரல் கொடுத்துக் கூட்டுவது இவைதான். எச்.ஐ.வி. இந்த அணுவுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே பெருகி, அதை அழிக்கிறது. மருந்து எதுவும் எடுக்காவிட்டால் ஏறக்குறைய 8 முதல் 10 ஆண்டுகளில் எதிர்ப்புச் சக்தி தேய்ந்துபோகும். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினாலோ, காசநோய் போன்ற சில தொற்றுகள் வந்து தங்கிவிட்டாலோ, அதை எய்ட்ஸ் என்கிறோம். ஆக, எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் எய்ட்ஸ் இருப்பதில்லை. இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நிலைக்குப் போவதே இல்லை.

சரி, எப்படிப் பரவுகிறது? பாதுகாப்பில்லாத உடலுறவு, கிருமி உள்ள ரத்தம், ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்திக்கொள்வது, தாயிடமிருந்து குழந்தைக்குக் கர்ப்பத்திலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ போவது. இவ்வளவுதான் வழி. வியர்வையில் பரவாது, கண்ணீரில் பரவாது, கொசு கடித்துப் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. உடம்புக்கு வெளியே இந்தக் கிருமி மிகவும் நோஞ்சான். குளோரின் போட்ட குளத்துத் தண்ணீரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நிகிலின் கூட்டாளிகள் கரையேறியதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படியானால் அவர்கள் ஏன் போனார்கள்? இந்தக் கட்டுரை விளக்க நினைப்பது அதைத்தான்.

ஆங்கிலத்தில் ‘ஸ்டிக்மா’ என்று ஒரு சொல் இருக்கிறது. கிரேக்க மொழியிலிருந்து வந்தது. அடிமைகள், குற்றவாளிகள் உடம்பில் குத்தியோ சுட்டோ போட்ட அடையாளத்துக்கு அந்தப் பெயர். பார்த்த மாத்திரத்தில் இவன் விலக்கப்பட வேண்டியவன் என்று தெரிந்துகொள்ளப் போட்ட குறி. தமிழில் இதைப் பெரும்பாலும் ‘களங்கம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. களங்கம் என்று சொன்னதும் நம் கண் தன்னால் நோயாளியின் பக்கம் திரும்பிவிடுகிறது, கறை அவர் மேல் ஒட்டியிருப்பது மாதிரி. ‘ஒதுக்கல்’ என்று சொல்லிப் பாருங்கள். ஒதுக்கியவர் யார் என்ற கேள்வி உடனே கூடவே வந்து நிற்கும். ஒதுக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும், ஒரு கை வேண்டும். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போகிற கை. அதனால் இங்கே ஒதுக்கல் என்றே எழுதுகிறேன்.

படத்தின் நிகிலுக்குப் பின்னால் உண்மையான மனிதர் ஒருவர் இருந்தார். டொமினிக் டிசோசா. கோவாக்காரர். காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இல் வேலை பார்த்தார். நாடகத்தில் ஈடுபாடு உண்டு. தவறாமல் ரத்ததானம் செய்கிற பழக்கமும் உண்டு. அந்தப் பழக்கம்தான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

1989 பிப்ரவரி 14. வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்து, ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து மபுசாவில் இருந்த மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். அவரை உட்காரவைத்து, இந்த மாதிரி உங்கள் ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, இப்படி இப்படிச் செய்யலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. எய்ட்ஸ் என்று எழுதியிருந்த ஒரு பதிவேட்டைத் திறந்து அவருடைய பெயரைத் தேடினார்கள். அவருக்கு விஷயம் தெரியவந்தது அப்படித்தான். அங்கிருந்து, முன்பு காசநோய் சானடோரியமாக இருந்த ஒரு பழைய கட்டடத்துக்குக் கொண்டுபோய், வாசலில் போலீஸ் காவல் போட்டு அடைத்தார்கள். 64 நாள். வயது 30-ஐ ஒட்டி.

அடைத்தது ஏதோ கும்பல் இல்லை, சட்டம். கோவா பொதுச் சுகாதாரச் சட்டத்தில் 1986-இல் செய்த ஒரு திருத்தம், எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரியவந்தவரை அரசு தனிமைப்படுத்த வேண்டும் என்று சொன்னது. எவ்வளவு காலம் என்பதும் அரசின் விருப்பம். கொள்ளை நோய்க் காலத்துச் சிந்தனை அது. காலரா, பிளேக் என்றால் ஆளை ஒதுக்கி வைப்பதில் ஓர் அர்த்தம் இருக்கலாம். அவை சில நாளில் தீரும், பக்கத்தில் இருப்பவருக்கு வேகமாகத் தொற்றும். எச்.ஐ.வி. வாழ்நாள் முழுக்க உடம்பில் இருக்கும், பக்கத்தில் இருப்பதால் தொற்றாது. அப்படியானால் எத்தனை நாள் பூட்டுவது? சாகும்வரையா? சட்டத்தை எழுதியவர்கள் இந்த எளிய கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டடத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். காற்றில் பரவுவது காசநோய். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்றும் அதுதான். ஊரைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவரை ஒரு பழைய காசநோய்க் கட்டடத்தில் கொண்டுபோய்ப் பூட்டினார்கள்.

தாயார் லூசி டிசோசா வழக்குப் போட்டார். இன்றும் சட்ட மாணவர்கள் அந்தத் தாயின் பெயரில்தான் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். நண்பர்களும் அக்கம்பக்கத்தவரும் தெருவில் இறங்கினார்கள். ஏப்ரலில் நீதிமன்ற இடைக்கால உத்தரவின் பேரில் அவர் வீடு திரும்பினார். இவ்வளவு எதிர்ப்புக்குப் பிறகு அரசு சட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தது: ‘தனிமைப்படுத்த வேண்டும்’ என்பது ‘தனிமைப்படுத்தலாம்’ ஆயிற்று. ஆனால் வழக்கின் முடிவு பலர் நினைப்பதைப்போல வெற்றி இல்லை. 1989 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவு செல்லும் என்றே சொன்னது. தனிமனிதரின் உரிமையும் சமூகத்தின் நலனும் மோதினால் தனிமனிதர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த ஒரு மனிதர் வெளியே நடமாடுவதால் சமூகத்துக்கு என்ன கேடு என்பதற்கு மருத்துவத்தில் பதில் இல்லாதபோதும் அப்படி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒதுக்கல் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வது என்றுதான் பலர் நினைக்கிறோம். அது ஓர் அடுக்கு. அதே பயம் ஒரு பிரிவு எண்ணோடு சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அது வேறு அடுக்கு. பக்கத்து வீட்டுக்காரர் மனம் மாறலாம், நாளைக்கே வந்து பேசலாம். சட்டத்துக்கு மனம் இல்லை. அதை இயக்குகிறவர்களும் கெட்டவர்கள் இல்லை. போலீஸ்காரர் தன் வேலையைச் செய்தார், சுகாதார அதிகாரி தன் வேலையைச் செய்தார், மருத்துவமனை ஊழியர் பதிவேட்டைத் திறந்தார். ஒருவருக்கும் டொமினிக் மேல் தனிப்பட்ட வெறுப்பு இருந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் எடுத்த பரிசோதனை முடிவு போலீஸ் கைக்குப் போனால், அடுத்து யார் பரிசோதனைக்கு வருவார்கள்? தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தெரியாதவர் மருந்து சாப்பிட மாட்டார், ஆணுறை போட மாட்டார். கிருமிக்கு இதைவிட வசதி வேண்டுமா? ஊரைக் காக்கப் போட்ட சட்டம் கிருமிக்குத்தான் பாதை போட்டுக் கொடுத்தது.

இனி படத்துக்கு வருவோம். ஒருவரின் வாழ்க்கையைப் படமாக்கும்போது எதை அப்படியே வைப்பது, எதை மாற்றுவது என்பது பெரிய கேள்வி. நிகில் நீச்சல் வீரன்; டொமினிக் இல்லை. டொமினிக் 1992 மே மாதம் இறந்தார்; படத்தின் கதை 1994 வரை போகிறது. பெயர், குடும்பம் எல்லாம் வேறு. படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் கிடைக்க, கதை முழுவதும் கற்பனையே என்று தொடக்கத்தில் அறிவிக்க வேண்டியிருந்தது. கோவா அரசு ஒரு மனிதரைப் பூட்டிவைத்தது ஊரறிந்த விஷயம். அதற்குக்கூட ‘கற்பனை’ என்று முத்திரை குத்தித்தான் 2005-இல் காட்ட முடிந்தது.

நீச்சல் வீரன் என்று மாற்றியதை நான் பெரிய புத்திசாலித்தனமாகப் பார்க்கிறேன். டொமினிக் அலுவலக வேலை பார்த்தவர். அலுவலகத்தில் ஒதுக்கினால் அது ஒரு பார்வை, ஒரு மௌனம், நகர்த்திப் போட்ட ஒரு நாற்காலி. திரையில் அதைக் காட்டுவது கஷ்டம். குளம் என்றால்? எல்லோரும் ஒரே தண்ணீரில் இருக்கிறார்கள், உடம்பு மூடாமல் இருக்கிறார்கள். ‘அவன் தொட்டது நம்மையும் தொடும்’ என்ற பயத்துக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இன்னொன்று, நீச்சல் வீரனின் உடம்புதான் அவனுடைய சாதனை. அப்பா தன் ஆசையை எல்லாம் அந்த உடம்பின் மேல்தான் ஏற்றிவைத்திருக்கிறார். மெடல் வாங்கியபோது ‘என் பிள்ளை’ என்று நிமிர்ந்தவருக்கு, அதே உடம்பு அவமானமாகிப் போகிறது. நடந்ததை வரிக்கு வரி காட்டாமலே நடந்ததின் உள்ளே போக முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம். வாழ்க்கை வரலாற்றுப் படம் பார்க்கும்போது ‘இது நிஜமா நடந்ததா?’ என்று மட்டும் கேட்காமல், ‘இதை ஏன் இப்படி மாற்றினார்கள்?’ என்றும் கேட்டுப் பார்த்தால் படம் இன்னும் திறக்கும்.

சொல்லும் முறையும் கவனிக்க வேண்டியது. அனாமிகா, நைஜல், அப்பா, அம்மா என்று ஒவ்வொருவரும் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார்கள், யாரோ பேட்டி எடுப்பது மாதிரி. நிகில் இல்லாத பிறகு அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். அதனால் முதல் காட்சியிலிருந்தே இவன் பிழைக்க மாட்டான் என்று தெரிந்துவிடுகிறது. பிழைப்பானா என்ற பதற்றம் போய்விட்டதால், நம் கவனம் முழுக்க இந்த மனிதர்கள் அப்போது என்ன செய்தார்கள் என்பதில் தங்குகிறது. அப்பா பேசும்போது ‘நான் அன்றைக்கு வேறு மாதிரி நடந்திருக்கலாம்’ என்ற தவிப்பு அவர் முகத்தில் இருக்கிறது. ஒதுக்கியவரின் பக்கமும் ஒரு காயம் இருக்கிறது என்பதை இந்த அளவு அமைதியாகக் காட்டிய படங்கள் குறைவு.

எய்ட்ஸ் ஒதுக்கலின் கதை உலகத்தில் எங்கே போனாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டில் வந்து நிற்கும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரயன் வைட் என்ற சிறுவன் இருந்தான். ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய்க்காக ஏற்றிய ரத்தப் பொருளில் கிருமி வந்துவிட்டது. 1984 டிசம்பரில் தெரியவந்தபோது அவனுக்கு 13 வயது. பள்ளிக்கூடம் உள்ளே விடவில்லை. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் சாப்பிட்டுத் தூக்கிப் போடுகிற தட்டு, கரண்டிதான் அவனுக்கு, கழிப்பறை தனி, உடற்பயிற்சி வகுப்பு கிடையாது. அவன் கதையும் 1989 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் படமாக வந்தது. அடுத்த மாதம்தான் கோவாவில் டொமினிக்கைப் பிடித்தார்கள்.

தனித் தட்டு, தனி டம்ளர். இதை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டாம். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களைப் பார்த்தவர்கள் நாம். ஒதுக்கல் புது நோயோடு புதிதாகப் பிறப்பதில்லை. ஏற்கெனவே கைக்குப் பழகிய தீட்டு, எச்சில், தள்ளிவைத்தல் எல்லாம் அப்படியே புது ஆள் மேல் இறங்கும். அதனால்தான் அது இவ்வளவு வேகமாக நடக்கிறது. யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை.

ரயன் வைட்டைப் பற்றிப் பேசியவர்கள் அடிக்கடி சொன்ன ஒரு வார்த்தை ‘அப்பாவி’. பாவம், சின்னப் பையன், அவன் தப்பு ஒன்றுமில்லை. கேட்க இரக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரை அப்பாவி என்றால், மற்றவர்கள் குற்றவாளிகள் என்று ஆகிவிடுகிறது. தலைப்பில் இருக்கும் கேள்வி இங்கேதான் வருகிறது. ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் ‘ஐயோ, எந்த ஸ்டேஜ்?’ என்கிறோம். மாரடைப்பு என்றால் ‘எந்த ஆஸ்பத்திரி?’ என்கிறோம். எச்.ஐ.வி. என்றால் மட்டும் ‘எப்படி வந்துச்சு?’ ரத்தம் ஏற்றியதில் வந்தது என்றால் ஒரு பார்வை. கணவரிடமிருந்து வந்தது என்றால் ஒரு பெருமூச்சு. ஓர் ஆணை நேசித்த ஆண், பாலியல் தொழில் செய்யும் பெண், ஊசியில் போதை ஏற்றியவர் என்றால் கதவு மூடும். உடம்புக்குள் இருக்கும் கிருமி எல்லோருக்கும் ஒன்றுதான். நாம்தான் வந்த வழியைப் பார்த்து மனிதர்களைத் தரம் பிரிக்கிறோம்.

‘மை பிரதர் நிகில்’ இந்தக் கேள்வியைச் சுற்றிக் கதை பின்னவில்லை. நிகில் ஓர் ஆணை நேசிக்கிறவன். அதையும் பெரிய திருப்பமாகக் காட்டவில்லை. நைஜல் அவன் பக்கத்தில் இருக்கிறான், சாப்பிடக் கொடுக்கிறான், கடைசிவரை விட்டுப் போகவில்லை. ஆணும் ஆணும் சேர்வது சட்டப்படி குற்றமாக இருந்த காலம் அது. 2018 செப்டம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு ஒதுக்கல்கள் ஒருவன் மேல் ஒன்றாக விழுவதை, அந்த இரண்டையும் சொல்லிச் சொல்லிக் காட்டாமலே படம் நமக்குப் புரியவைக்கிறது.

இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது நம் சென்னையில்தான். 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அதற்கென்று தனி வசதி எதுவும் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றினார். பிறகு ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போய்ச் சோதித்தார். சில மாதிரிகள் மஞ்சளாக மாறின; கிருமி இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். 6 பெண்களுக்கு எச்.ஐ.வி. இருந்தது. இந்திய மருத்துவ வரலாற்றில் பெரிய நாள் அது, சந்தேகமில்லை. சுனிதி சாலமன் அதற்குப் பிறகு 2015-இல் இறக்கும்வரை எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காகவே உழைத்தார்.

ஆனால் கிருமியைத் தங்கள் ரத்தத்தில் காட்டிக்கொடுத்த பெண்களுக்கு என்ன ஆயிற்று? பாலியல் தொழில் வழக்கில் பிடித்து அரசுக் காப்பகத்தில் வைத்திருந்த பெண்களில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தெரிந்தவர்களை, தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. டொமினிக்குக்காகத் தெருவில் இறங்க நண்பர்கள் இருந்தார்கள், வழக்குப் போட அம்மா இருந்தார், பின்னால் ஒரு படமும் வந்தது. அந்தப் பெண்களின் பெயரில் படம் இல்லை. ஒதுக்கலிலும் மேல்வரிசை, கீழ்வரிசை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சுவரெல்லாம் ஒரு கேள்வி இருந்தது: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ ஊரே பேசியது. வாயைத் திறந்து பேசவே கூசிய ஒரு விஷயத்தை டீக்கடைப் பேச்சாக்கியது அந்த விளம்பரம். அது பெரிய காரியம்தான். ஆனால் பள்ளிக்கூடப் பையன்கள் ஒருவனை ஒருவன் கேலி செய்யவும் அதே பெயர்தான் பயன்பட்டது. எய்ட்ஸ் என்பது புள்ளிராஜா மாதிரி ஓர் ‘அலையும் ஆளுக்கு’ வருவது, நமக்கில்லை என்ற எண்ணம் சிலர் மனதில் கெட்டிப்பட்டுப் போனது. அறிவு ஊட்டுவதற்கும் ஆளைக் குறிவைப்பதற்கும் நடுவில் இருக்கும் கோடு மிக மெல்லியது.

இப்போது எல்லோருக்கும் தெரியும், தொட்டால் ஒட்டாது என்று. பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் பரவும் வழிகளை ஒப்பிக்கும். அப்படியும் ஒதுக்கல் போகவில்லையே, ஏன்? இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்கள் தடுமாறும் இடம் இது. விழிப்புணர்வு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் நாமும் ஆரம்பிக்கிறோம். ஆனால் ஒதுக்கலில் பயம் ஒரு பாதிதான். பயத்தை அறிவு தீர்க்கும். மறுபாதி தீர்ப்புச் சொல்லும் மனம். ‘எப்படி வந்துச்சு?’ என்று கேட்பவருக்குப் பரவும் வழிகள் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிவதால்தான் கேட்கிறார்.

இந்த ஒதுக்கலைத் தாங்கி வாழ்கிறவர்கள் கண்டுபிடித்த தந்திரங்கள் ஏராளம். மாத்திரை டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு வேறு டப்பாவில் கொட்டிவைப்பார்கள். பீரோவில் புடவைக்கு அடியில் ஒளித்துவைப்பார்கள். உள்ளூரில் கூட்டு மருந்துச் சிகிச்சை மையம் இருந்தாலும், தெரிந்த முகம் பார்த்துவிடக் கூடாது என்று பஸ் ஏறிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போவார்கள். கல்யாண வீட்டில் இரவு மாத்திரை நேரம் வந்தால், கூட்டத்துக்கு நடுவில் தண்ணீர் டம்ளரோடு எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் ஒரு வேளையை விட்டுவிடுவார்கள். வேளை தவறிக்கொண்டே போனால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், பிறகு அந்த மருந்து வேலை செய்யாது. ஒதுக்கல் இப்படி ஒரு தவறிய மாத்திரையாக உடம்புக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. ஊர் ஒதுக்குவதற்கு முன்னால் தன்னைத் தானே ஒதுக்கிக்கொள்வது என்று இதைச் சொல்லலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சில ஆஸ்பத்திரிகளில் கேஸ் ஷீட்டின் மேலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி சிவப்பு மையில் எழுதிவைத்திருப்பார்கள். வார்டு பாய் முதல் பார்வையாளர் வரை படிக்கலாம். கிரேக்கர்கள் உடம்பில் போட்ட குறியைப் பற்றி முதலில் சொன்னேனே, அது இதுதான்.

படத்தில் இதற்கு எதிராக நிற்பது அனாமிகா. எனக்கு இந்தப் படத்தில் ரொம்பப் பிடித்த விஷயம், அவளுக்கு நோயைப் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரியாது என்பது. டாக்டர் இல்லை, போராளி இல்லை, பள்ளிக்கூட டீச்சர். டொமினிக்கைப்போலவே தம்பியையும் பூட்டிவைத்திருக்கிறார்கள், அவனை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. மற்றதெல்லாம் வழியில் கற்றுக்கொண்டாள். ‘எப்படி வந்துச்சு?’ என்பதற்குப் பதிலாக ‘சாப்பிட்டியா?’ என்று கேட்கிற ஆள். படத்தின் தலைப்பிலேயே ‘மை’, அதாவது ‘என்’ என்று அவளுடைய சொல்தான் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் அந்த ‘என்’ என்ற சொல்லுக்குத் திரும்பி வர இன்னும் கொஞ்ச காலம் எடுத்தார்கள். வந்தார்கள். ஆனால் நிகிலுக்கு மிச்சமிருந்த காலம் குறைவு.

டொமினிக்குக்கும் அப்படித்தான். விடுதலைக்குப் பிறகு அவர் வீட்டில் ஒளிந்து வாழவில்லை. தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். 1992-இல் ‘பாசிட்டிவ் பீப்பிள்’ என்ற அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். அதே ஆண்டு மே மாதம் இறந்துபோனார். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி அடங்கும் என்று உலகத்துக்குத் தெரியவந்தது 1996-இல். இந்தியாவில் அரசு அந்தக் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். தொடக்கத்தில் கொடுத்த சில மையங்களில் நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. படம் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அதனால்தான் படத்தைப் பார்க்கும்போது ஓர் இழப்பு கூடுதலாகத் தெரிகிறது. ஒரு பன்னிரண்டு ஆண்டு தள்ளிப் பிறந்திருந்தால் இந்த மனிதர் இன்று தலை நரைத்து நம்மோடு இருந்திருப்பார்.

இன்றைய நிலை வேறு. தினமும் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமியின் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குத் தொற்றாது. இது பல நாடுகளில் ஆயிரக்கணக்கான தம்பதிகளைக் கவனித்து உறுதிசெய்த உண்மை. கல்யாணம் செய்துகொள்கிறார்கள், கிருமி இல்லாத குழந்தை பெற்றுக்கொள்கிறார்கள். சட்டமும் திரும்பி நிற்கிறது. 2017-இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10-இல் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது, பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது, சிகிச்சை மறுக்கக் கூடாது, வாடகை வீடு மறுக்கக் கூடாது என்கிறது. இவர்கள் மேல் வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1989-இல் சட்டம் டொமினிக்கைப் பூட்டியது. இன்று அதே மாதிரி ஒருவரை ஒதுக்கினால், ஒதுக்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

யாருக்காவது சந்தேகம் இருந்தால், தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று ஒரு அறை இருக்கும். பரிசோதனை இலவசம். 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. உள்ளே ஓர் ஆலோசகர் இருப்பார். ரத்தம் எடுப்பதற்கு முன் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி உங்கள் சம்மதம் கேட்பார். முடிவு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொல்லிவிட்டு, உங்களிடம் மட்டும் சொல்வார்.